புரதத்தின் உயிரியற் பெறுமானம்

உண்ட புரதம் யாவும் உடலாகிவிடுவதில்லை. சமிபாட்டினால் அது அமினோவமிலங்களாகப் பிரிந்து குருதியிற் சேர்கின்றது. அவற்றுள் ஒன்பதை மனிதவுடல் தானே ஆக்கிக்கொள்ளமாட்டாது. அவ்வொன்பதில் ஒன்று போதாதாயினும் ஏனையவை முழுப்பயன் தாரா. மிகுதி சிதைந்து யூரியாவாய்க் கழிந்தொழியும்.

இப்பயனை அளக்கும் வழி யாது? புரதத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பங்கு நைதரசன் உளது. உறிஞ்சப்பட்ட நைதரசனில் எத்தனை வீதம் உடலிலே தங்கிற்றென்பதை, உண்டதையும் மலசலத்திற் கழிந்ததையும் ஒப்பிட்டுக் கணிக்கலாம். அவ்வீதமே உயிரியற் பெறுமானம் எனப்படும். 1909இல் கார்ல் தோமசு வகுத்த இம்முறையை 1924இல் மிற்செல் எலிகளைக் கொண்டு திருத்தமுறச் செய்தார்.

எனினும், குறைந்த அமிலம் எதுவென்பதை இவ்வெண் கூறாது. அன்றியும், பெருங்குடற் பற்றீரியாக்கள் எஞ்சிய அமிலங்களை மாற்றிவிடுதலால், மலத்தை மாத்திரம் சோதித்தல் திருத்தமான விடை தராது. ஆதலின் சிறுகுடலின் இறுதியில் ஒவ்வோரமிலத்தையும் தனித்தனி அளக்கும் முறையை 2013இல் வெளியான உணவு விவசாயத் தாபன அறிக்கை விதந்துரைத்தது.

அரிசியில் இலைசீன் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பிற் குறையும் மெதியோனீனை அரிசி ஈடுசெய்யும். முட்டையும் பாலும் வாங்கவியலாத வறியோர்க்கு இவ்வளவீடு காட்டும் வழி இதுவே: ஒன்றன் குறையை மற்றொன்றால் நிறைத்தல்.