கொங்கு மெஸ்ஸும் அதன் சமையலும்

மெஸ் என்பது கொங்கு நாட்டில் வீட்டுச் சமையலை விலைக்குப் பரிமாறும் சிறிய உணவகம். பெரும்பாலும் ஒரு குடும்பமே அதை நடத்தும். வீட்டின் முன்கூடம் பந்தியாகும், பின்கட்டு அடுப்படியாகும். மதியம் பன்னிரண்டு மணி சுமாருக்கு இலை போடத் தொடங்கினால், மூன்று மூன்றரைக்கெல்லாம் குழம்புச் சட்டி காலியாகிவிடும். காலையில் வாங்கிய கறி அன்று மதியமே தீர வேண்டும் என்பதால் நேரமும் சுருக்கம், பதார்த்த வகையும் சுருக்கம். அந்தச் சுருக்கம்தான் மெஸ்ஸின் பலம். நாற்பது வகை எழுதிய அட்டையை நீட்டும் கடையில் எந்தக் குழம்பும் அன்றைய குழம்பாக இருக்க முடியாது.

கோவையில் இத்தகைய சாப்பாட்டுக் கடைகளுக்குத் தேவையை உண்டாக்கியவை பஞ்சாலைகள். 1888இல் இங்கே முதல் நூற்பாலை வந்தது. 1930களில் பைகாரா நீர்மின்சாரம் கிடைத்ததும் ஆலைகள் பெருகின, சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவருக்கு வேண்டியது வீட்டுச் சுவையும் கட்டுப்படியாகும் விலையும். பிறகு கல்லூரி மாணவர்களும் லாரி ஓட்டுநர்களும் வியாபாரிகளும் சேர்ந்துகொண்டார்கள்.

இந்தச் சமையலுக்கு வேண்டிய பலவும் விளையும் மண் தொண்டாமுத்தூர் வட்டாரம். கோவைக்கு மேற்கே, வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல் இறங்கி வரும் வழியில் அது இருக்கிறது. தென்னை, வாழை, பாக்கு, தக்காளி ஆகியவற்றோடு சின்ன வெங்காயமும் இங்கே முக்கியப் பயிர். விலை இறங்கிக் கிடக்கும் காலத்தில் விவசாயிகள் வெங்காயத்தை வயலோரம் பட்டறை போட்டு, காற்றோட்டமாகச் சேமித்து வைத்து விற்பார்கள். காயை நட்டே பயிர் செய்துவந்த இந்த வெங்காயத்தை விதை மூலமும் சாகுபடி செய்யலாம் என்று கோ ஆன் 5 ரகத்தின் வழியே காட்டியது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம். திருமணச் சமையலால் பெயர்பெற்ற மாதம்பட்டியும் இந்த ஒன்றியத்து ஊர்தான்.

சின்ன வெங்காயத்தை எடுத்துவிட்டால் கொங்குச் சமையல் நிற்காது. இதற்குச் சரியான சான்று பள்ளிபாளையம் சிக்கன். ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் மறுகரையில் இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரைத் தாங்கிய இந்த வறுவலுக்கு மசாலாப் பொடி வேண்டியதில்லை. எண்ணெயில் விதை நீக்கிக் கிள்ளிப் போட்ட வரமிளகாய், கை நிறைய நறுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, சிறு துண்டுகளாக வெட்டிய கோழி, கடைசியில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். அவ்வளவே. கோழி விடும் நீரிலேயே கறி வேக வேண்டும். நீர் சுண்டும்போது வெங்காயம் கரைந்து கறியோடு ஒட்டிக்கொள்ளும். நிறமும் இனிப்பும் அதிலிருந்து வருகின்றன. மிளகாய் நிறையக் கண்ணில் பட்டாலும், விதை எடுத்திருப்பதால் காரம் நாக்கைச் சுடாது. பெரிய வெங்காயமும் கரம் மசாலாவும் போட்டு இதே பெயரில் விற்கும் வறுவல்கள் நகரங்களில் நிறைய உண்டு. அவற்றில் பள்ளிபாளையத்தின் பெயர் மட்டுமே மிஞ்சுகிறது.

குழம்பு வேறு வகை. கொத்தமல்லி விதை, சீரகம், மிளகு, வரமிளகாய் ஆகியவற்றை வறுத்து, வதக்கிய சின்ன வெங்காயமும் தேங்காயும் சேர்த்து அரைத்துக் கொதிக்கவிடுவார்கள். நாட்டுக்கோழிக் குழம்பு கெட்டியாக இருக்காது. சோற்றுக்குள் இறங்கும் பதத்தில்தான் இருக்கும். அசைவ மெஸ்ஸில் இதோடு வெள்ளாட்டுக் கறி, குடல், தலைக்கறி, ரத்தப் பொரியல் என்று ஆட்டின் எந்தப் பாகமும் வீணாகாமல் இலைக்கு வரும். பரிமாறுபவர் “இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?” என்று கேட்டுக் கேட்டு வைப்பார்.

கறி இல்லாத நாளின் உணவுகள் இந்த மண்ணின் பழைய வறட்சியைச் சொல்கின்றன. பாசனம் பெருகுவதற்கு முன் மேட்டாங்காட்டில் விளைந்தவை கம்பும் சோளமும் ராகியும் கொள்ளும். கொள்ளை வேகவைத்து இறுத்த நீர் ரசமாகும். வெந்த கொள்ளை வெங்காயம், சீரகம், மிளகாயோடு மத்தால் கடைந்தால் கொள்ளுப் பருப்பு. அரிசியையும் துவரம்பருப்பையும் வெங்காயம், பூண்டு, சீரகத்தோடு ஒரே பாத்திரத்தில் வேகவைப்பது அரிசிம்பருப்பு. நெய் விட்டுச் சாப்பிடும் இது கொங்கு வீடுகளின் அவசர உணவு, விருப்ப உணவும் கூட. வேகவைத்த அரிசி மாவைப் பிழியும் சந்தகைக்குத் தேங்காய்ப் பால் துணை. மலையடிவாரத்து மழைநாளுக்கு மிளகு தூக்கலாக வைக்கும் செலவு ரசம்.

உலகின் இன்னொரு மூலையிலும் வீட்டு அடுப்பிலிருந்து இப்படியொரு கடைச் சாப்பாடு பிறந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெக்சிக வழிப் பெண்கள் மாலை நேரத்தில் சதுக்கங்களில் அடுப்பு மூட்டி, மிளகாயிட்ட இறைச்சிக் குழம்பை விற்றார்கள். ‘சில்லி குயின்ஸ்’ என்று அவர்களை அழைத்தார்கள். மாட்டிறைச்சி, மஞ்சள் நிறப் பாலாடைக்கட்டி, கோதுமை ரொட்டி, தாராளமான சீரகம் எனத் தனி அடையாளம் பெற்ற அந்த உணவே டெக்ஸ்-மெக்ஸ். சுகாதார விதிகள் அந்தத் தெருக்கடைகளை ஒழித்தன. சமையலோ குடும்ப உணவகங்களில் தங்கிவிட்டது. கொங்கு மெஸ்ஸுக்கும் அதற்கும் ஒரு நேரடி உறவும் உண்டு. மிளகாயைப் பயிராக்கியவர்கள் மெக்சிகோவின் பழங்குடிகள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தக்காளியும், கொங்குச் சமையலுக்கு எண்ணெய் தரும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களே. மிளகாய் வருவதற்கு முன் இங்கே காரம் தந்தது மிளகு. ரசத்தில் அதன் இடம் இன்னும் பறிபோகவில்லை.

மெஸ் பெரிய நிறுவனமாக வளர்ந்ததும் உண்டு. 1960இல் ஈரோட்டில் குப்புசாமி, ருக்மணி தம்பதியர் தொடங்கிய மெஸ்தான் ஜூனியர் குப்பண்ணாவாகச் சென்னை, பெங்களூர் வரை போனது. பெருந்துறை அருகே சீனாபுரத்தில் இருக்கும் ‘யுபிஎம் நம்ம வீட்டு சாப்பாடு’ வேறு பாதையில் பெயர் பெற்றது. கிராமத்திலேயே இருந்துகொண்டு, இலை முழுக்கக் கறி வகைகளைப் பரப்பி, வந்தவரை விருந்தாளியாக உபசரித்தே வெளியூர்க்காரர்களை வரவழைத்தது.

கிளைகள் பெருகும்போது எல்லா ஊரிலும் ஒரே சுவை வரவேண்டும் என்பதற்காக மசாலாவை ஓரிடத்தில் மொத்தமாக அரைத்து அனுப்ப வேண்டியிருக்கும். சிறிய மெஸ்ஸில் அரைப்பது அன்றைக்கன்றைக்கு. அதற்குக் கூலியும் நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். சின்ன வெங்காயத்தை உரிக்கவே காலையில் ஓரிருவர் உட்கார வேண்டும். அதன் விலை ஏறும் மாதங்களில் பெரிய வெங்காயத்துக்கு மாறாமல் தாக்குப்பிடிப்பது சிறிய முதலீட்டுக்காரருக்குச் சுலபமல்ல. வெள்ளியங்கிரிக்கும் கோவைக் குற்றாலத்துக்கும் போகிறவர்கள் சிறுவாணி சாலையில் இத்தகைய மெஸ்ஸில் சாப்பாட்டுக்கு இறங்குவதானால், மதியம் ஒரு மணிக்குள் இலையில் உட்கார்ந்துவிடுவது நல்லது.