இலவச மருந்துக்குக் காசு எங்கிருந்து வந்தது?

கெலிஓயாவில் நமக்குக் காய்ச்சல் கண்டால் பஸ் ஏறிப் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். துண்டு எடுத்து, டொக்டரைக் கண்டு, மருந்தோடு திரும்புகிறோம். காசு கேட்பாரில்லை, அந்தச் செலவு நம்முடைய வரியிலிருந்தே போகிறது. இந்த ஏற்பாடெல்லாம் இல்லாத காலத்தில் ஏழைக்கு மருந்து எப்படிக் கிடைத்தது? தேநீரைக் குடித்தபடியே ஜெர்மனியின் ஹாலே நகரம்வரை போய்ப் பார்ப்போம்.

அங்கே பிராங்கே என்ற பாதிரியார் 1695-இல் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கத் தொடங்கினார். அந்த அநாதை இல்லத்தின் வைத்தியர் கிறிஸ்டியன் பிரெடரிக் ரிக்டர்.

தரும வைத்தியர் என்றதும், கைப்பணத்தை அள்ளிக் கொடுத்தவர் என்றுதான் நாம் நினைக்கிறோம். அல்லது யாரோ தனவந்தர் கொடுத்துக்கொண்டே இருந்தார் என்று எண்ணுகிறோம். ஹாலேக்கு நன்கொடை வந்தது உண்மை. ஆனால் நன்கொடை இந்த மாதம் வரும், அடுத்த மாதம் வராது; நோய் அப்படிக் காத்திருக்காதே! ரிக்டர் 1701-இல் தங்கம் சேர்த்த ஒரு திரவ மருந்தைச் செய்து முடித்தார். 'எசென்ஷியா டல்சிஸ்' என்று அதற்குப் பெயர். வசதியுள்ளவர்கள் விலை கொடுத்து வாங்க, வருமானம் இல்லத்துக்குப் போனது. பள்ளிவாசல் கடைகளின் வாடகையில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது போன்ற ஏற்பாடு இது: ஒரு பக்கம் வியாபாரம், மறுபக்கம் தருமம். வைத்தியர் இல்லாத ஊர்க்காரர்களும் வாசித்து மருந்தெடுக்கும்படி 1705-இல் அவர் ஒரு கைநூலும் எழுதினார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தங்க மருந்து பல நோய்களைத் தீர்க்கும் என்று விற்கப்பட்டது. இன்றைய மருத்துவம் அதை ஏற்காது. ரிக்டர் அதை மனமார நம்பினார் என்றே நினைக்கிறேன். ஆனாலும் வாங்கியவர்களை எண்ணும்போது மனம் உறுத்துகிறது.

ரிக்டர் 1711-இல், 35 வயதில் இறந்தார். பின்னர் அதே இல்லத்துக்கு வைத்தியராக வந்த யொஹான் யுங்கர், ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்துகொண்டே மாணவர்களுக்கும் நோயாளிகளை நேரில் காட்டிப் பாடம் சொன்னார். அன்று அது புதுமை.

தமிழ் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. ஹாலேயிலிருந்து, தமிழகக் கரையிலுள்ள தரங்கம்பாடியின் கிறிஸ்தவ மிஷனுக்கு மருந்துகள் கப்பலேறின. மிஷனின் வைத்தியராக 1732-இல் வந்த சாமுவேல் பெஞ்சமின் குனோல், 1767-இல் இறக்கும்வரை தரங்கம்பாடியிலேயே இருந்தார்.