செத்த கிடேரியும் சில சட்டங்களும்

1933 பிப்ரவரி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பனிப்புயல் வீசிக்கொண்டிருந்தது. ஒரு விவசாயி, செத்துப்போன கிடேரி ஒன்றையும் பால் கேன் நிறைய ரத்தத்தையும் கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடந்து மேடிசன் நகருக்கு வந்துசேர்ந்தார். கேனில் இருந்த ரத்தம் உறையவே இல்லை. அன்று சனிக்கிழமை. அரசு கால்நடை மருத்துவர் அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்திருந்த வேறொரு கட்டடத்துக்குள் நுழைந்தார். அது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை. உள்ளே இருந்தவர் கார்ல் பால் லிங்க்.

அந்தத் தீவனத்தைப் போடாதீர்கள் என்பதற்கு மேல் லிங்க்கால் பெரிதாக எதுவும் சொல்ல முடியவில்லை. பொருளாதார மந்தக் காலம். வேறு தீவனம் வாங்க விவசாயியிடம் காசு ஏது? ஆனால் லிங்க் அந்தக் கேனை மறக்கவில்லை. 1939-இல் அவருடைய ஆய்வகம் குற்றவாளியைப் படிகமாகப் பிரித்தெடுத்தது. ஸ்வீட் குளோவர் என்ற தீவனப் பயிரில் கூமரின் என்ற பொருள் இயல்பாகவே உண்டு. அது ரத்தத்தை ஒன்றும் செய்யாது. ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அது டைகூமராலாக மாறிவிடுகிறது. கல்லீரல் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைச் செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை உடல் புதுப்பித்து மறுபடி பயன்படுத்தும். டைகூமரால் அந்தப் புதுப்பிப்பைத் தடுத்துவிடுகிறது. பிறகு சிறு காயம்கூட மாட்டைக் கொல்லும்.

அதே குடும்பத்தில் லிங்க் குழு உருவாக்கிய வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கான மருந்தானது. மறு ஆண்டே மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்குக் கொடுத்தார்கள். செயற்கை இதய வால்வு பொருத்திக்கொண்ட நம் ஊர்க்காரர்கள் விழுங்குவதும் இதையோ இதன் நெருங்கிய உறவான அசெனோகூமராலையோதான்.

ஆனால் மாட்டுத் தீவனத்தை ஆராய ஒரு வேதியியலாளருக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தது யார்? இதற்கு வாஷிங்டனுக்குப் போக வேண்டும்.

கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் தரும் மசோதாவை 1859-இல் அதிபர் புக்கானன் நிராகரித்தார். கல்வி மாநிலங்களின் வேலை, மத்திய அரசுக்கு அங்கே என்ன அதிகாரம் என்பது அவர் வாதங்களில் ஒன்று. உள்நாட்டுப் போர் மூண்டதும் அதை எதிர்த்த தென் மாநில உறுப்பினர்கள் காங்கிரஸை விட்டு வெளியேறினார்கள். 1862 ஜூலை 2 அன்று லிங்கன் கையெழுத்திட்டார். ஒவ்வொரு காங்கிரஸ் உறுப்பினருக்கும் 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மாநிலங்களுக்கு நிலம். அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்றுத்தரும் கல்லூரி. அந்த நிலம் சும்மா கிடந்ததல்ல. சுமார் 250 பூர்வகுடி இனங்களிடமிருந்து பறித்த ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட மண். அதைச் சொல்லாமல் இந்தச் சட்டத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

1887-இல் இன்னொரு சட்டம், வேளாண் ஆய்வு நிலையத்துக்காக மாநிலத்துக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் தந்தது. 1914-இல் மற்றொன்று, ஆய்வு முடிவுகளை வயலுக்குக் கொண்டுபோகும் விரிவாக்கப் பணிக்குப் பணம் ஒதுக்கியது. மருத்துவர் அலுவலகம் பூட்டியிருந்தபோது, செத்த மாட்டோடு வந்த விவசாயி நுழைய அங்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் இருந்ததே இத்தகைய சட்டங்களின் பலன்தான். எந்தச் சட்டத்திலும் ரத்தம் உறைவது பற்றி ஒரு வரி கிடையாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல்கலைக்கழக ஆய்வுக்கான மத்திய அரசின் பணம் பெரும்பாலும் போட்டி மானியங்களாக வருகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. இட்லிக்கு அரிசி, உளுந்து விலையை மட்டும் கொடுத்தால் ஓட்டல் நடக்குமா? கட்டடம், மின்சாரம், கணக்கர் சம்பளம், ரசாயனக் கழிவை அகற்றும் செலவு எல்லாம் எந்த ஒரு ஆய்வுக்கும் தனியாகச் சேராது. மறைமுகச் செலவு எனப்படும் இதற்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அரசோடு பேரம் பேசி ஒரு விகிதத்தை முடிவுசெய்கிறது. பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது நேரடிச் செலவில் 50 விழுக்காட்டைத் தாண்டும். ஆடம்பரச் செலவுக்கு இதில் இடமிருக்கிறது என்று குறை சொல்பவர்களும் உண்டு. தணிக்கை வேண்டும் என்றால் நானும் கை தூக்குவேன்.

2025 பிப்ரவரியில் மருத்துவ ஆய்வுக்குப் பணம் தரும் தேசிய சுகாதார நிறுவனம், இனி எல்லோருக்கும் 15 விழுக்காடுதான் என்று ஒரு வெள்ளிக்கிழமை அறிவித்தது. திங்கட்கிழமை முதல் அமல். விஸ்கான்சின் உட்பட 22 மாநிலங்கள் நீதிமன்றம் போயின. ஏப்ரலில் பாஸ்டனில் உள்ள மத்திய நீதிமன்றம் அதற்கு நிரந்தரத் தடை விதித்தது. தீர்ப்புக்கு உதவிய காரணங்களில் ஒன்று பழைய பட்ஜெட் சட்டத்தில் இருந்தது. 2017-இல் இதேபோல 10 விழுக்காடு என்ற யோசனை வந்தபோது, பல்கலைக்கழகங்களின் வாஷிங்டன் பிரதிநிதிகள் காங்கிரஸ் உறுப்பினர்களிடம் நடையாய் நடந்தார்கள். மறைமுகச் செலவு முறையில் கைவைக்கக் கூடாது என்று காங்கிரஸ் 2018-ஆம் ஆண்டு நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்தும் வந்தது.