அந்தப் புட்டி இனி வராது

"அண்ணே, நான் போடுற டெவலப்பர் இப்போ கடையில வர்றதே இல்லையாம். அதுக்குப் பதிலா எதை வாங்குறது?"

ஜொகூரில் கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவும் தம்பி தங்கைகள் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். தே வரட்டும், உட்காருங்கள். நிதானமாகப் பேசவேண்டிய விஷயம் இது.

டெவலப்பர்கள் மறைவது புதிதல்ல. 2005இல் ஜெர்மனியின் ஆக்ஃபா போட்டோ திவாலானது. 2012இல் ஈஸ்ட்மேன் கோடாக் நொடித்தது. கோடாக் பெயரில் வந்த மருந்துகளில் பலவற்றைத் தயாரித்துக் கொடுத்த டெடனால் 2018இல் விழுந்தது. அந்த மருந்துகள் 2020இல் சீனாவின் சினோ பிராமிஸ் நிறுவனத்திடமும், 2023இல் அமெரிக்காவின் போட்டோ சிஸ்டம்ஸ் நிறுவனத்திடமும் கைமாறின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சில பெயர்கள் உதிர்ந்தன, சில மாதங்கள் அலமாரிகள் காலியாகக் கிடந்தன.

இதில் கலங்க ஒன்றுமில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிலிம் தயாரிக்கப் பெரிய ஆலை வேண்டும். ஊட்டியில் 1960இல் உருவான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' பிலிமை தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள் நன்றாக அறியும். அந்த ஆலை மூடியதோடு அந்த பிலிமும் போனது. வீட்டில் செய்துகொள்ள வழியே இல்லை. டெவலப்பர் அப்படியல்ல. பல டெவலப்பர்களின் சேர்மானம் பல்லாண்டுகளாக அச்சில் இருக்கிறது. கம்பெனி போனாலும் கணக்கு நம் கையில். அதனால் பெயரைத் தேடி அலையாதீர்கள். அந்தப் புட்டிக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள்.

உதாரணத்துக்கு, 1920களில் கோடாக் உருவாக்கிய டி-76. ஒரு லிட்டரில் மெட்டோல் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், போராக்ஸ் 2 கிராம். அவ்வளவுதான். வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பைக் கறுப்பு வெள்ளியாக மாற்றுபவை முதல் இரண்டும். சல்ஃபைட் அந்த இரண்டையும் காற்று கெடுக்காமல் காக்கிறது. இவ்வளவு அதிகமாக இருக்கும்போது வெள்ளித் துகளின் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்துப் படத்தை மென்மையாக்கவும் செய்கிறது. போராக்ஸ் கரைசலுக்குக் காரத்தன்மை தந்து வேலையை முடுக்குகிறது. வேகமாக வேலை செய்யும் டெவலப்பர்களில் இவற்றோடு பொட்டாசியம் புரோமைடும் சேரும். வெளிச்சம் படாத இடம் மங்கிக் கறுக்காமல் அது தடுக்கும்.

இப்படிப் பார்த்தால் மாற்று தானாகவே தெரியும். டி-76 கிடைக்காவிட்டால் இல்ஃபோர்டின் ஐடி-11. கிட்டத்தட்ட அதே சேர்மானம். மைக்ரோடால்-எக்ஸ் போய்விட்டது, அந்த இடத்துக்கு பெர்செப்டால். எக்ஸ்டால் வராதபோது அடாக்ஸ் எக்ஸ்டி-3. எச்சி-110க்கு இல்ஃபோடெக் எச்சி. 1891இல் பிறந்த ரோடினாலை, ஆக்ஃபா போட்டோ போன பிறகும் அடாக்ஸ் காப்பாற்றி வைத்திருக்கிறது.

கடையில் எதுவுமே இல்லையென்றால்? எனக்கு மிகவும் பிடித்த டி-23 இருக்கிறது. கோடாக்கின் ரிச்சர்ட் ஹென் 1944இல் வெளியிட்டது. இரண்டே பொருள்: மெட்டோல் 7.5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர். சல்ஃபைட்டுக்கே லேசான காரத்தன்மை உண்டு, ஆகவே போராக்ஸ்கூட வேண்டாம். சுமார் 50 டிகிரி சூட்டில் 750 மில்லி தண்ணீர் எடுங்கள். முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட்டைப் போடுங்கள், பிறகு மெட்டோல் முழுவதையும். அது நன்றாகக் கரைந்த பின்பே மீதி சல்ஃபைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். வரிசை மாறினால் சல்ஃபைட் நிறைந்த நீரில் மெட்டோல் கரையாமல் வெள்ளைத் திப்பியாக அடியில் நிற்கும். வாங்கும்போது லேபிளை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்: வேண்டியது சல்ஃபைட், சல்ஃபேட்டும் அல்ல, சல்ஃபைடும் அல்ல. மெட்டோல் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

டி-23இன் படம் டி-76ஐவிடச் சற்று மென்மையாக வரும். நம் ஊர் உச்சி வெயிலுக்கு அது மிகவும் நல்லது. வெள்ளை வேட்டியும் செம்பனை மரத்து நிழலும் ஒரே படத்தில் இருந்தாலும் இரண்டையும் காப்பாற்றும்.

வெயில் என்றதும் இன்னொன்று. எந்த டெவலப்பர் என்பதைவிட எத்தனை டிகிரி என்பதுதான் ஜொகூரில் பெரிய கேள்வி. அட்டவணைகள் எல்லாம் 20 டிகிரிக்கு எழுதியவை; நம் குழாயைத் திறந்தால் 28 டிகிரியை ஒட்டி வரும். எச்பி5 பிளஸ் பிலிமை ஐடி-11இல் நீர் கலக்காமல் கழுவினால் 20 டிகிரியில் 7½ நிமிடம். டிகிரிக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு நேரம் குறையும் என்பதால், 28 டிகிரியில் நான்கு நிமிடம்கூடத் தேறாது. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாக விழும் அபாயம் உண்டு. அதனால் டெவலப்பரில் சரிபாதி நீர் கலந்துவிடுங்கள். 20 டிகிரியில் 13 நிமிடம் என்பது 24 டிகிரியில் சுமார் 9 நிமிடமாகும். நிம்மதியாக டேங்கைத் திருப்பலாம். 24 டிகிரிக்கு இறக்க ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் ஐஸ் கட்டியும் போதும். ஃபிக்சரையும் கழுவும் நீரையும் அதே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

காப்பியில் பிலிம் கழுவலாமாமே என்று கேட்பீர்கள். கழுவலாம். 1995இல் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸும் அவருடைய மாணவர்களும் செய்து காட்டியது அது. இன்று பரவலாக இருக்கும் கணக்கு, லிட்டருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், இன்ஸ்டன்ட் காப்பி 40 கிராம். 20 டிகிரியில் 15 நிமிடம். காப்பியில் உள்ள காஃபிக் அமிலம் போன்றவைதான் வேலை செய்கின்றன. குளுவாங் ரயில் நிலையக் காப்பிக்கடை 1938 முதல் இருக்கும் மாநிலத்தில் காப்பிக்கா பஞ்சம்! ஆனால் நம் கோப்பி-ஓ தூள் வேண்டாம். சீனியும் மார்ஜரினும் போட்டுக் கறுக வறுத்தது அது. கொழுப்பு மிதக்கும், வறுப்பில் அந்த அமிலங்களும் குறைந்திருக்கும். த்ரீ-இன்-ஒன் பொட்டலமும் ஆகாது. பாலும் சீனியும் இல்லாத, விலை குறைந்த இன்ஸ்டன்ட் தூளே சரி. சமையல் சோடாவும் சலவைச் சோடா அல்ல.

எதற்கு மாறினாலும் முக்கியமான ரோலை முதலில் போடாதீர்கள். பிலிம் முனைத் துண்டு ஒன்றைப் பகல் வெளிச்சத்திலேயே கலவையில் விடுங்கள்; சில நிமிடத்தில் நன்றாகக் கறுத்தால் மருந்து உயிரோடு இருக்கிறது. பிறகு ஒரே காட்சியை ஒரு ரோல் முழுக்க எடுத்து, இருட்டில் மூன்றாக வெட்டி, மூன்று வெவ்வேறு நேரத்தில் கழுவுங்கள். நெகட்டிவில் நிழல் பகுதி வெறுமையாக இருந்தால் கேமராவில் வெளிச்சம் போதவில்லை. அடுத்த முறை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் அடைத்துக் கறுத்திருந்தால் கழுவிய நேரம் அதிகம்; பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். சரியாக வந்த நேரத்தையும் டிகிரியையும் கலக்கிய தேதியையும் புட்டி மேலேயே எழுதி ஒட்டுங்கள்.