கிரேக்க நாட்டு கீரை பப்ஸ்!

குட்டீஸ்... சூலூர் பேக்கரியில் பப்ஸ் வாங்கிச் சாப்பிட்டிருப்பீர்கள். உள்ளே முட்டை இருக்கும். இல்லாவிட்டால் காய்கறி மசாலா இருக்கும். அதற்குப் பதில் கீரை இருந்தால்?

'ஐயே...' என்று முகம் சுளிக்காதீர்கள். கிரேக்க நாட்டு பேக்கரிகளில் பலரும் விரும்பி வாங்குவது கீரையும் சீஸும் வைத்த பலகாரம்தான்! அதன் பெயர், 'ஸ்பனகோபிதா'. அங்கே, 'ஸ்பனாகி' என்றால் பசலை வகைக் கீரை. 'பிதா' என்றால் மாவுக்குள் பூரணம் வைத்துச் சுடும் பலகாரம்.

எப்படிச் செய்கின்றனர் தெரியுமா? மாவைக் காகிதம் போல மெல்லிசாகத் தேய்க்கின்றனர். இந்த மாவுத்தாளுக்கு, 'ஃபில்லோ' என்று பெயர். அதற்கு அர்த்தம், இலை! ஒவ்வொரு தாளிலும் ஆலிவ் எண்ணெய் தடவி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவர். எண்ணெய் இருப்பதால் தாள்கள் ஒட்டாமல், வெந்ததும் மொறுமொறு என்று பிரியும்.

நடுவில் கீரை, வெங்காயத்தாள், செம்மறியாட்டுப் பாலில் செய்யும் ஃபெடா சீஸ் வைத்து மூடிச் சுடுவர். கீரையில் இருக்கும் தண்ணீரை முதலில் நன்றாகப் பிழிந்துவிட வேண்டும். மறந்தால் அடித்தாள் நமுத்துவிடும்!

இதற்கு ஒரு சொந்தக்காரப் பலகாரம் உண்டு. அது, 'ஹோர்தோபிதா'. மலையிலும் வயலிலும் தானாக முளைக்கும் கீரைகளைப் பறித்து வந்து, கிராமத்துப் பாட்டிகள் செய்வது.

நம்ம ஊர் பாட்டிகளும் லேசுப்பட்டவர்கள் அல்ல. மழை பெய்ததும் சோளக்காட்டில் விதைக்காமலே முளைக்கும் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பறித்து வந்து, வேகவைத்து, மத்தால் கடைந்தால், கமகம கீரைக் கடைசல் தயார்!

ஆனால், காட்டில் களைக்கொல்லி மருந்து அடித்தால், களையோடு இந்தக் கீரைகளும் கருகிவிடும். கீரையைப் பார்ப்பதே அரிதானால், அதன் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அதனால், இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவையோ, அம்மிச்சியையோ காட்டுக்குக் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு கீரையாகக் காட்டச் சொல்லி, இலையை வரைந்து, பெயரை நோட்டில் எழுதுங்கள். தெரியாத செடியை நீங்களாகப் பறித்து வாயில் வைக்கக் கூடாது. மருந்து அடித்த காட்டிலும் பறிக்கக் கூடாது.

எத்தனை கீரைக்குப் பெயர் சேர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். பத்தைத் தாண்டினால், நீங்கள்தான் கீரை ராஜா... கீரை ராணி!