கிழங்கு லோடும் காற்றுக் கணக்கும்

(‘லோடு வண்டி’ தொடர் – 14)

கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கோமுகி அணை கண்ணில் பட்டதும் சமவெளி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கரியாலூர், வெள்ளிமலை வரை கல்வராயன் மலைப்பாதை. மரவள்ளி அறுவடைக் காலத்தில் காலியாக ஏறும் வண்டிகள் குச்சிக்கிழங்கோடு இறங்கி, சின்னசேலம், ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகின்றன. அடிவாரத்துப் பஞ்சர் கடைகளில் காலை வேளையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

“எவ்ளோ வெக்கட்டும்ணே?”

“கெழங்கு ஏத்தப் போறேன் தம்பி. நல்லா கல்லு மாதிரி வெய்யி.”

மத்தியானத்தில் பேச்சு தலைகீழாகிவிடும்: “வெயிலு கொளுத்துது, டயரு கையில வெக்க முடியல. அஞ்சாறு பவுண்டு எறக்கி வுடு.”

இரண்டிலும் ஓட்டுநரின் அக்கறை உண்மையானது. வண்டிதான் அவருக்குச் சோறு. ஆனால் காலைப் பேச்சில் பாதிதான் சரி. மத்தியானப் பேச்சு முழுக்கத் தவறு. அந்தத் தவறு உயிரைக் குடிக்கக்கூடியது என்பதால் இந்த வாரம் காற்றைத் தவிர வேறெதையும் பேசப்போவதில்லை.

லோடைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. டயர் அந்தக் காற்றைப் பிடித்துவைத்திருக்கும் உறை. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ அழுத்துகிறது, காற்று 65 பவுண்டு இருக்கிறது என்றால், அந்தச் சக்கரம் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 110 சதுர சென்டிமீட்டர், ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றுச் சிறியது. அதே எடைக்கு 40 பவுண்டுதான் இருந்தால் தொடும் இடம் 180 சதுர சென்டிமீட்டரை நெருங்கும். பிடிமானம் கூடுகிறதே என்று மகிழ வேண்டாம். அவ்வளவு இடம் தரையில் படிய, டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர வேண்டும். மடங்கும் ரப்பர் சூடாகும். சூடு ஏற ஏற, ரப்பருக்கும் உள்ளே இருக்கும் கம்பி, நூல் அடுக்குகளுக்கும் உள்ள ஒட்டு தளரும். கடைசியில் பட்டன் எனப்படும் மேற்பட்டை அப்படியே உரிந்து வரும், அல்லது பக்கச்சுவர் கிழியும். சாலையோரத்தில் பட்டை பட்டையாகக் கிடக்கும் ரப்பர்த் துண்டுகளில் பல இப்படி உரிந்தவைதான்.

அப்படியானால் எத்தனை பவுண்டு? பதில் வண்டியிலேயே எழுதியிருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டிலோ, வண்டியோடு தந்த கையேட்டிலோ முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று இருக்கும். பல வண்டிகளுக்கு லோடோடு ஓர் அளவும் காலியாக ஓட்ட வேறோர் அளவும் கொடுத்திருப்பார்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண் அந்த அளவு அல்ல. அந்த டயர் தன் முழுச் சுமையைத் தாங்க வேண்டிய காற்றைத்தான் அது சொல்கிறது. ‘8 பி.ஆர்.’ என்று இருந்தால் எட்டு அடுக்கு என்றும் பொருளில்லை. பழைய நூல் டயர் காலத்து அளவுகோலில் எவ்வளவு வலு என்பதைக் காட்டும் குறி அது.

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது நம் ஊர் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தது. அதற்குப் போடும் 145 ஆர் 12 டயரில் 86/84 என்று ஒரு ஜோடி எண்ணைப் பார்க்கலாம். 86 என்றால் 530 கிலோ, 84 என்றால் 500 கிலோ. முதல் எண், ஒரு பக்கத்துக்கு ஒரே டயர் ஓடும்போது அது தாங்கும் எடை. அடுத்தது இரட்டை டயராக ஓடும்போது. அப்படியானால் குட்டியானையின் பின் அச்சிலுள்ள இரண்டு டயரும் சேர்ந்து தாங்குவது 1,060 கிலோ. வண்டியின் சொந்த எடையில் ஒரு பங்கு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஏற்றும் கிழங்கின் பெரும்பகுதியும் பின் அச்சில்தான் விழும். முக்கால் டன்னுக்குச் செய்த வண்டியில் ஒன்றேகால் டன் ஏற்றிவிட்டு, “காத்தக் கல்லு மாதிரி வெய்யி” என்றால் அந்தக் கல் யாரையும் காப்பாற்றாது. அந்த எடைக்குச் சரியான காற்று என்று உலகத்தில் எதுவுமில்லை.

தன் லோடின் எடை தெரியாது என்று கிழங்கு ஓட்டும் ஒருவர் சொல்லவும் முடியாது. ஆலையில் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் பார்க்கிறார்கள், எடை மேடையில் கிலோ கணக்கில் சீட்டுத் தருகிறார்கள். கிழங்குக்குப் பணம் வாங்கிய பிறகு சட்டைப்பையில் கசங்கும் அந்தச் சீட்டுதான் மறுநாள் காற்றுப் பிடிக்க வேண்டிய கணக்கும். நேற்று எவ்வளவு ஏற்றினோம் என்று அதில் பார்த்துவிட்டுப் பஞ்சர் கடையில் அளவைச் சொல்லலாம்.

இனி அந்த மத்தியானப் பேச்சு. கதவோரச் சீட்டில் உள்ள அளவு, குளிர்ந்த டயருக்கானது. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, ஓடத் தொடங்கும் முன் பார்க்க வேண்டியது. விடியற்காலையில் 27 டிகிரியில் 65 பவுண்டு பிடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓடி ஓடி உள்ளிருக்கும் காற்று 60 டிகிரியை எட்டினால், அளவுக்கருவி 74 பவுண்டு வரை காட்டும். அது இயல்பு. டயரைச் செய்தவர்கள் அந்த ஏற்றத்தையும் சேர்த்தே செய்திருக்கிறார்கள். பயந்துபோய் 65-க்கு இறக்கிவிட்டால், மறுநாள் விடியலில் அதே டயரில் 56, 57 பவுண்டுதான் இருக்கும். சுமை தாங்கும் வலு டயருக்கு 50 கிலோவுக்கு மேல் குறைந்துபோயிருக்கும். அதே லோடு, குறைந்த காற்று, கூடுதல் மடங்கல், கூடுதல் சூடு. மத்தியானம் ஓட்டுநர் மறுபடி “எறக்கி வுடு” என்பார். வெடிக்கக்கூடாதென்று எடுத்த காற்றே வெடிப்புக்கு வழி செய்கிறது. வெயில் காலத்தில் டயரைக் கொல்வது பெரும்பாலும் கூடுதல் காற்றல்ல. குறைந்த காற்றும் கூடுதல் லோடும் வேகமும் ஒன்றுசேர்வதுதான்.

உலகம் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை உரிந்து, வண்டிகள் உருண்டன. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். டயரில் குறை என்றது வண்டி நிறுவனம். வண்டிக்குச் சொன்ன 26 பவுண்டு போதாது, 30 வேண்டும் என்றது டயர் நிறுவனம். குறிப்பிட்ட சில டயர்களின் அமைப்பிலேயே குறை இருந்ததாக அரசு ஆய்வு பின்னர் சொன்னது. ஆனால் சம்பவங்கள் எங்கே குவிந்தன என்று பாருங்கள்: டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா போன்ற வெப்ப மாநிலங்களில். வெப்பம், வேகம், சுமை கூடிய இடத்தில் நாலு பவுண்டு என்பது சின்ன விஷயமல்ல. அந்த 2000-ஆம் ஆண்டிலேயே அங்கே சட்டம் வந்தது. காற்றுக் குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி புதிய கார்களிலும் சிறு லாரிகளிலும் கட்டாயமானது அதன் வழியாகத்தான்.

மலை ஏறினால் டயர் உப்பும், கொஞ்சம் எடுத்துவிட வேண்டும் என்றும் சிலர் சொல்கிறார்கள். ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவது உண்மை. 750 மீட்டர் ஏறினால் அளவுக்கருவியில் ஒரு பவுண்டுக்குச் சற்று மேல் கூடும். ஆனால் அந்த உயரத்தில் குளிர் ஐந்து டிகிரி கூடுவதால் ஏறக்குறைய அதே அளவு குறைந்தும் போகும். கல்வராயன் மலைக்கென்று காற்றை மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

மலையில் கவனிக்க வேண்டியது இறக்கத்தை. லோடோடு இறங்கும்போது பிரேக் அழுத்த அழுத்த, எடை முன் அச்சுக்குச் சாய்கிறது. கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்க முன் டயர்தான் அதிகம் படுகிறது. “லோடு பின்னாடிதானே” என்று முன் டயரைப் பார்க்காமல் விடுவது அதனால் ஆபத்து. அதோடு, பிரேக் டிரம்மின் சூடு வளையம் வழியாக டயருக்கும் ஏறும். பன்னிரண்டு அங்குலச் சின்னச் சக்கரத்தில் அந்தச் சூடு விலகிப் போக இடம் குறைவு. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வது பிரேக்குக்கு மட்டுமல்ல, டயருக்கும் சேர்த்துத்தான்.

காலி வண்டிக்குக் கல் மாதிரி காற்று வைத்து ஏற்றினால் பின்பக்கம் துள்ளும். மழை ஈரத்தில் பிரேக் போட்டால் பின் சக்கரம் வழுக்கும். பட்டனின் நடுப்பகுதி மட்டும் தேயும். பட்டனைப் பார்த்தே ஒருவர் எப்படிக் காற்றுப் பிடிக்கிறார் என்று சொல்லிவிடலாம்: நடுவில் தேய்ந்தால் கூடுதல், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு. போகும்போது காலி, வரும்போது லோடு என்றால், இறங்கும் லோடுக்கான அளவையே வைத்துக்கொண்டு காலியாக ஏறும்போது நிதானமாக ஓட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன். மேலே காற்றுப் பிடிக்க இடம் தேடி அலைவதைவிட அது பாதுகாப்பு.

1986 முதல் ஓடும் டாடா 407 போல, பின்னால் இரட்டை டயர் உள்ள வண்டிகளில் உள் டயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதில் காற்று இறங்கினால் அதன் சுமையும் வெளி டயர் தலையில்தான் விழும். இரண்டுக்கும் நடுவே சிக்கும் மலைக்கல் இரண்டின் பக்கச்சுவரையும் அறுக்கும். உள் டயரைக் கம்பியால் தட்டிப் பார்த்து 65-க்கும் 50-க்கும் வித்தியாசம் சொல்ல எந்தக் காதாலும் முடியாது. நைட்ரஜன் நல்லதா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சரியான அளவில் இருந்தால் சாதாரணக் காற்றே போதும்.

பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. தயங்காமல் கேளுங்கள். சில நூறு ரூபாய்க்குச் சொந்தமாக ஓர் அளவுக்கருவி வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை லோடுக்குக் கிளம்பும் முன், ஸ்டெப்னியையும் சேர்த்து எல்லா டயரையும் குளிர்ந்த நிலையில் பார்த்துவிடுங்கள். மத்தியானத்தில் யார் சொன்னாலும் சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள்.