ஏசி ரூமுக்குள்ள புதுக் காத்து எப்படி வரும்?

வைகாசி கருட சேவைக்குக் காஞ்சிபுரம் போயிருந்தேன். பிள்ளையார்பாளையத்துல மாமா வீடு. கீழே குழித்தறி, மேலே ஏசி ரூம்.

"தறிக்கும் ஏசி போடலாமே மாமா?" என்றேன். "காத்து காஞ்சா பட்டு இழை அறுந்துடும்பா. குழியோட ஈரம்தான் அதுக்கு நல்லது" என்றார்.

மேலே கதவை இறுக்கி மூடி நாலு பேர் படுத்தோம். காலையில எல்லாருக்கும் தலைபாரம். ஏன்? வீட்டு ஸ்ப்ளிட் ஏசி பொதுவா வெளிக்காற்றை இழுக்காது; உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிராக்கும். வெளியே கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல். மூடிய ரூமில் நம்ம மூச்சாலேயே அது 1,000-ஐச் சுலபமா தாண்டிடும்.

அதுக்காக ஏசி ஓடும்போது ஜன்னலை விரியத் திறந்தா, உள்ளே வர்ற ஈரத்தைத் தண்ணியா வடிக்கவே கரண்ட் போயிடும்.

இப்ப நான் செய்றது இதுதான்: படுக்கும் முன் பத்து நிமிஷம் ஜன்னல், கதவு எல்லாம் திறந்து ஃபேன். அப்புறம் ஏசி 26-ல், ஃபேன் மெதுவா. ஹால் ஜன்னல் திறந்திருக்கும். ரூம் கதவு விரலளவு திறந்திருக்கும். விடிஞ்சதும் ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துடுவேன்.

இன்னிக்கு ராத்திரி செஞ்சு பாருங்க. காலையில தலை எப்படி இருக்குன்னு சொல்லுங்க.